ஸ்பானிஷ் வினை அட்டவணை மண்டையில் ஏறவில்லை, வழி சொல்லுங்கள்

#1 கோவைக்குயில்

எல்லோருக்கும் வணக்கம். இன்னும் ஐந்து மாதத்தில் வேலைக்காக மெக்சிகோ போகிறேன். கெரேத்தரொ என்ற ஊர், வண்டி உதிரிபாகத் தொழிற்சாலை. மீட்டிங் எல்லாம் ஆங்கிலத்தில் ஓடிவிடும், ஆனால் லைனில் நிற்கிறவர்களிடம் ஸ்பானிஷ் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று அங்கே இருந்துவிட்டு வந்தவர்கள் சொல்கிறார்கள்.

இரண்டு மாதம் கைபேசியில் ஒரு செயலி வைத்துப் படித்தேன். பையன் ஆப்பிள் சாப்பிடுகிறான், பூனை பால் குடிக்கிறது என்று நன்றாகத்தான் போனது. ஒருநாள் நானாக ஒரு வாக்கியம் சொல்லிப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தால் வினைச்சொல் வரவில்லை. எந்த வால் யாருக்கு என்று தெரியவில்லை. சரி என்று ஓர் ஆங்கிலப் புத்தகம் வாங்கினேன். முதல் பாடத்திலேயே அட்டவணை. ஆர், ஏர், ஈர் என்று முடியும் மூன்று வகை, ஒவ்வொன்றுக்கும் ஆறு வடிவம். இரவு ஒப்பிப்பேன். காலையில் பல் தேய்க்கும்போது பார்த்தால் பாதி இருக்காது.

இதுவரை என் மொத்தச் சாதனை "யோ அப்லோ தமிழ்". நான் தமிழ் பேசுகிறேன்.

அட்டவணையை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டுமா? அப்புறம், "இருக்கிறேன்" என்பதற்கு மட்டும் இரண்டு வினை இருக்கிறதாமே. அது வேறு பயமாக இருக்கிறது.

#2 சும்மாபேசு

மனப்பாடமெல்லாம் வேண்டாம். குழந்தை அட்டவணை படித்தா பேசுகிறது? பாட்டு கேளுங்கள், தொடர் பாருங்கள். தானாக வரும்.

#3 இலக்கணப்பித்தன்

சும்மாபேசு, குழந்தைக்கு ஐந்து வருடம் இருக்கிறது, குயிலுக்கு ஐந்து மாதம். குழந்தை தப்பாகப் பேசினால் கொஞ்சுவார்கள். லைனில் இன்ஜினியர் தப்பாகப் பேசினால் மெஷின் நிற்கும்.

குயில், முதலில் உங்கள் சாதனையில் கை வைக்கிறேன், கோபிக்க வேண்டாம். "அப்லோ" என்று கடைசி எழுத்தை அழுத்திச் சொன்னால் "அவன் பேசினான்" என்று பொருள். நீங்கள் சொல்ல வேண்டியது "ஆப்லொ". முதல் எழுத்தில் அழுத்தம். இது உச்சரிப்பு நயம் இல்லை, ஆளும் காலமும் சேர்ந்து மாறிவிடுகிறது. ஸ்பானிஷ் எழுத்தில் அந்தக் கடைசி ஓவின் தலையில் ஒரு சாய்கோடு போட்டிருப்பார்கள். அதைப் பலரும் அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள்.

நான் படிக்கும்போது செய்த தந்திரம் ஒன்று: அழுத்தம் விழுகிற உயிரை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் தமிழில் எழுதிக்கொள்வேன். ஸ்பானிஷில் குறில் நெடில் கிடையாது, அது எனக்கும் தெரியும். ஆனால் நம் காதுக்கு அழுத்தம் சட்டென்று பிடிபடாது, நீளம் பிடிபடும். நொண்டுகிற வரைக்கும் ஊன்றுகோல் இருக்கட்டும். இந்த இழையிலும் அப்படியே எழுதுகிறேன்.

இப்போது அட்டவணை. உங்கள் புத்தகம் ஆங்கிலேயருக்காக எழுதப்பட்டது. ஆங்கிலத்தில் நான், நீ, நாம், அவர்கள் எல்லோருக்கும் வினை ஒன்றுதான். அவனுக்கும் அவளுக்கும் மட்டும் ஒரு "ஸ்" ஒட்டும். ஆறு வால் என்றதும் அவர்கள் மலைப்பது நியாயம். நமக்கென்ன? பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறான், பேசுகிறாள், பேசுகிறார், பேசுகிறது, பேசுகிறோம், பேசுகிறீர்கள், பேசுகிறார்கள், பேசுகின்றன. பத்து ஆகிறது. இதில் ஆண், பெண், மரியாதை, உயர்திணை, அஃறிணை என்று எல்லாவற்றையும் வாலிலேயே முடிந்து வைத்திருக்கிறோம். ஸ்பானிஷ்காரர் இவ்வளவு செய்வதில்லை. "ஆப்ல" என்ற ஒரே சொல்தான் பேசுகிறான், பேசுகிறாள், பேசுகிறார், பேசுகிறது எல்லாவற்றுக்கும்.

வால் இருப்பதால்தான் "நாளைக்கு வருகிறேன்" என்கிறோம், "நான்" போடுவதில்லை. பள்ளிக்கூடத்தில் தோன்றா எழுவாய் என்று படித்தோமே, அதுதான். ஸ்பானிஷிலும் அப்படியே. "ஆப்லொ தமிழ்" போதும். "யொ ஆப்லொ" என்றால் "நானாக்கும் பேசுகிறேன்" என்ற தொனி வந்துவிடும். எல்லா வாக்கியத்திலும் யொ யொ என்று போடுவது ஆங்கில வழியாகப் படித்தவர்களின் அடையாளம்.

அடுத்தது பகுபத உறுப்பிலக்கணம். இரண்டு மதிப்பெண் கேள்வி, நினைவிருக்கிறதா? நடந்தனன் = நட + த்(ந்) + த் + அன் + அன். பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, சாரியை, விகுதி. இதே கத்தியை ஸ்பானிஷ் மேல் வைத்துப் பாருங்கள். "அப்லாபமொஸ்" என்றால் "பேசிக்கொண்டிருந்தோம்". அப்ல் + ஆ + ப + மொஸ். அப்ல் பகுதி. ஆ இந்த வினை "ஆர்" வகை என்று காட்டும் உயிர். ப இறந்தகால இடைநிலை. மொஸ் "நாம்" விகுதி. நிகழ்காலத்தில் இடைநிலையே கிடையாது, அதனால்தான் அது முதல் பாடம்.

ஆக, 18 வடிவங்களை ஒப்பிக்காதீர்கள். விகுதிகளை மட்டும் பிடியுங்கள். நீ என்றால் "ஸ்". நாம் என்றால் "மொஸ்". அவர்கள் என்றால் "ன்". அவன், அவள் என்றால் ஒன்றும் ஒட்டாது, உயிரோடு நின்றுவிடும். நான் என்றால் நிகழ்காலத்தில் "ஒ".

பேச: ஆப்லொ, ஆப்லஸ், ஆப்ல, அப்லாமொஸ், ஆப்லன்.
சாப்பிட: கோமொ, கோமெஸ், கோமெ, கொமேமொஸ், கோமென்.
வாழ: பீபொ, பீபெஸ், பீபெ, பிபீமொஸ், பீபென்.

ஈர் வகைக்கும் ஏர் வகைக்கும் "நாம்" ஒன்றில்தான் வித்தியாசம், பாருங்கள். "மொஸ்" எந்தக் காலத்துக்குப் போனாலும் மாறாது, "ன்" கூட அப்படித்தான். "ஸ்" மட்டும் சாதாரண இறந்தகாலத்தில் "ஸ்தெ" ஆகும்.

ஐந்துதானே எழுதியிருக்கிறேன், ஆறாவது எங்கே என்பீர்கள். அது "நீங்கள் எல்லோரும்" என்பதற்கான பொசோத்ரொஸ் வடிவம்: அப்லாய்ஸ், கொமேய்ஸ், பிபீஸ். ஸ்பெயினில் அன்றாடம் புழங்கும். மெக்சிகோவில் தேவையே இல்லை. அங்கே அதற்கும் "ன்"தான். உங்கள் அட்டவணையில் ஒரு வரிசையை இப்போதே அடித்துவிடலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. "கோமென்" கேட்டதும் நம் மூளை "ஏன்" விகுதியை நினைத்துத் தன்மை ஒருமை என்று முடிவு கட்டும். "ஆப்லன்" கேட்டால் "அவன்" என்று நினைக்கும். இரண்டுமே "அவர்கள்". நான் இதில் மாதக்கணக்கில் வழுக்கினேன்.

#4 கோவைக்குயில்

பித்தன் சார், பத்தாம் வகுப்புத் தமிழ் ஐயா கேட்டால் ஆனந்தக் கண்ணீர் விடுவார். ஒரு வரிசையை அடித்ததே எனக்குப் பெரிய நிம்மதி.

#5 பார்சிலோனா பாண்டி

நான் வகுப்புக்கே போனதில்லை. ஒன்பது வருடமாக உணவகச் சமையலறைதான் பள்ளிக்கூடம். பித்தன் அண்ணன் சொல்வதெல்லாம் சரி, ஆனால் வரிசையை நான் மாற்றுவேன். எனக்கு முதலில் வந்தது ஏவல்தான். தமிழில் வினையின் வேரே ஏவல், பேசு, வா, போ. ஸ்பானிஷில் நீ என்று அழைக்கிறவரிடம் சொல்லும் ஏவல் "அவன்" வடிவமேதான். ஆப்ல என்றால் பேசுகிறான், ஆப்ல என்றால் பேசு. கோமெ, சாப்பிடு. தனியாக ஒன்றும் படிக்க வேண்டாம். அடங்காதவை எட்டு, எல்லாமே ஒற்றை அசை: பேன் (வா), போன் (வை), சால் (வெளியே போ), தேன் (இந்தா பிடி), தீ (சொல்), ஆஸ் (செய்), பே (போ), சே (இரு). "ஆஸ்" இங்கே ஸ்பெயினில் "ஆத்" மாதிரி, நாக்கைக் கடித்துச் சொல்வார்கள். உங்கள் ஊரில் ஆஸ்.

முதல் வாரத்தில் நடந்தது. தலைமைச் சமையல்காரர் மேடையைத் தட்டி "போன் அகீ, போன் அகீ!" என்று கத்துகிறார். வேலை நேரத்தில் கைபேசி வைத்திருந்ததற்குத்தான் திட்டுகிறார் என்று நினைத்து, பையிலிருந்து போனை எடுத்து அவர் கையில் பணிவாகக் கொடுத்துவிட்டேன். அவர் கேட்டது என் இன்னொரு கையில் இருந்த தட்டை. போன் அகீ என்றால் "இங்கே வை". "நான் வைக்கிறேன்" என்பதற்கு என்ன தெரியுமா? போங்கொ. ஊரிலிருந்து அம்மா பேசும்போது பின்னால் யாராவது போங்கொ என்றால், "யாரை மரியாதையாக வெளியே அனுப்புகிறாய்?" என்பார்.

இங்கே ஆர்டர் சொன்னதும் சமையலறை மொத்தமும் "ஒ-ஈதொ!" என்று குரல் கொடுக்கும். கேள் என்ற வினையின் முடிந்த வடிவம் அது. அப்படியே நம்ம "கேட்டாச்சு!". யார் கேட்டார், எப்போது கேட்டார், ஒன்றும் இல்லை. இந்த வடிவம் ஆர் வகைக்கு "ஆதொ", மற்றவைக்கு "ஈதொ". அந்த "தொ"வை நாம் "அது"வில் சொல்கிற மென்மையான த-வாகவே சொல்லலாம். இங்கே வரும் ஆங்கிலேயர்கள் அதற்குத்தான் திண்டாடுகிறார்கள். இரண்டு உயிருக்கு நடுவில் வரும் ப, த, க மூன்றுமே நம் வாயில் ஏற்கெனவே ஏறக்குறைய சரியாக இருக்கிறது.

#6 டொராண்டோ தர்ஷி

ஓம், பாண்டி அண்ணா சொல்வது உண்மை. நான் வேலை செய்யும் குழந்தைகள் காப்பகத்தில் பாதிப் பேர் கொலம்பியாக்காரர்கள். என் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு முதலில் என்னைப் பெருவா என்று கேட்டார்கள். வினை வாயில் வரத் தொடங்கியதும்தான் குட்டு வெளிப்பட்டது.

நான் சொல்ல வந்தது "எனக்கு" பற்றி. எனக்குக் காபி பிடிக்கும் என்பதை ஆங்கிலத்தில் "நான் காபியை விரும்புகிறேன்" என்ற அமைப்பில் சொல்வார்கள். ஸ்பானிஷில் "மெ கூஸ்த எல் கஃபே". மெ என்றால் எனக்கு, கூஸ்த என்றால் பிடிக்கிறது. தமிழேதான். என் வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் இரண்டு வாரம் இதில் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள், நான் சிரித்துக்கொண்டு இருந்தேன். தலை வலிக்கிறது என்பதும் அப்படியே, "மெ துவேலெ ல கபேச", எனக்குத் தலை வலிக்கிறது.

ஒன்று மட்டும் கவனம். நம் "பிடிக்கும்" யாருக்காகவும் மாறாது. பூனை பிடிக்கும், பூனைகள் பிடிக்கும். அவர்களுடையது பிடிக்கிற பொருளைப் பார்த்து மாறும். பொருள் ஒன்றென்றால் கூஸ்த, பலவென்றால் கூஸ்தன். கால்கள் வலித்தால் "மெ துவேலென் லொஸ் பியேஸ்".

அந்தச் சிரிப்பு அதிக நாள் நிற்கவில்லை. "எனக்கு" போடலாம் என்று கண்டதும் எல்லாவற்றுக்கும் போட்டேன். எனக்கு ஒரு காபி வேண்டும் என்று நினைத்து "மெ கியேரெ உன் கஃபே" என்று சொன்னேன். உடன் வேலை செய்யும் அக்கா ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு காபி என்னைக் காதலிக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். சரியானது "கியேரொ உன் கஃபே". வேண்டும், தெரியும், முடியும் மூன்றுக்கும் தமிழில் எனக்கு, என்னால் என்று போடுகிறோம், வினை அசையாமல் நிற்கும். ஸ்பானிஷில் மூன்றும் "நான்" வாலோடு வரும்: கியேரொ, சே, புவேதொ. எனக்குத் தெரியும் என்று நினைத்து "மெ சாபெ" என்றால் "எனக்கு ருசி தெரிகிறது" என்ற பக்கம் போய்விடும்.

கொலம்பியாக்காரர்கள் கடையில் கியேரொ என்று கூடக் கேட்பதில்லை. "மெ ரெகால உன் திந்தொ" என்பார்கள். நேராகச் சொன்னால் "எனக்கு ஒரு கறுப்புக் காபி பரிசளிக்கிறீர்களா". காசு கொடுத்துத்தான் குடிக்கிறார்கள்.

#7 கோவைக்குயில்

தர்ஷி, நான் நேற்றுத்தான் குறிப்பேட்டில் "மெ கியேரெ" என்று எழுதி வைத்திருந்தேன்! அடித்துவிட்டேன்.

இரண்டு சந்தேகம். கெரேர் என்ற வினை எப்படிக் கியேரொ ஆனது? நடுவில் "இ" எங்கிருந்து வந்தது? புத்தகம் இதைக் காலணி வடிவம் என்று சொல்லி ஒரு பூட்ஸ் படம் போட்டிருக்கிறது. படம் புரிகிறது, காரணம் புரியவில்லை. இன்னொன்று, மேலாளரிடம் பேசும்போது நீங்கள் என்பதற்கு "அவர்" வடிவம் போட வேண்டும் என்கிறார்களே, முகத்துக்கு நேராக எப்படி?

#8 இலக்கணப்பித்தன்

பூட்ஸைத் தூக்கிப் போடுங்கள். நெடிலைப் பாருங்கள்.

கியேரொ, கியேரெஸ், கியேரெ, கெரேமொஸ், கியேரென். நெடில் பகுதியின் மேல் விழும்போது பகுதியின் எ "இயே" ஆகிறது. "நாம்" வடிவத்தில் நெடில் விகுதிப் பக்கம் நகர்ந்துவிடுகிறது, பகுதி பழையபடி எ. அவ்வளவுதான். லத்தீனில் இருந்த சில குறில் எகரமும் ஒகரமும் அழுத்தம் தாங்காமல் இரண்டாக உடைந்தன. எ உடைந்தால் இயே, ஒ உடைந்தால் உவே. புவேதொ (முடிகிறது), பொதேமொஸ் (நம்மால் முடிகிறது). இது வினையில் மட்டும் இல்லை. கதவு "புவேர்த்த". கதவுக் காவலாளிக்கும் கால்பந்து கோல்கீப்பருக்கும் "பொர்த்தேரொ". அழுத்தம் நகர்ந்ததும் உவே மறைந்து ஒ திரும்பிவிட்டது. கால்பந்து பார்க்கிறவர்கள் இதை மறக்கமாட்டார்கள்.

எல்லா வினையும் உடையாது. கொமேர் உடையவில்லை. எது உடையும் என்பதை ஒவ்வொன்றாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பெதீர் (கேட்டு வாங்கு) மாதிரிச் சிலவற்றில் எ வெறும் இ ஆகும், பீதொ. நம்மிடம் கேட்டால் மட்டும் என்ன? வா, வருகிறேன், வந்தேன். வெளிநாட்டுக்காரர் "வாகிறேன்" என்று சொல்லி நாம் சிரித்ததில்லையா?

அடுத்து உஸ்தேத், அதாவது நீங்கள் கேட்ட மரியாதை "நீங்கள்". அது ஒரு பழைய மரியாதைத் தொடர் தேய்ந்து வந்த சொல், "புவேஸ்த்ர மெர்சேத்", தங்கள் அருள் என்பது போல. அருள் என்பது படர்க்கை, ஆகவே வினையும் படர்க்கை. இதில் உங்களுக்கு விநோதம் என்ன? முதலாளியின் எதிரிலேயே நின்று "முதலாளி சாப்பிட்டாரா?" என்று கேட்கிற வழக்கம் நம் ஊரில் இருந்ததுதானே. அப்படி நினைத்துக்கொண்டு "உஸ்தேத் ஆப்ல" என்று சொல்லுங்கள். வால் தானாக வரும்.

#9 டொராண்டோ தர்ஷி

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளையையும் "நீங்கள்" என்றுதான் கூப்பிடுவோம். பொகொத்தா பக்கத்து ஆட்கள் வீட்டுக்குள்ளேயே, சிநேகிதரிடமும் உஸ்தேத் போடுவதைக் கேட்டதும் எனக்குச் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. குயில் அக்கா, புது இடத்தில் உஸ்தேத்தில் தொடங்குங்கள். "தூ (நீ) போடுங்கள்" என்று அவர்களே சொல்வார்கள்.

#10 சும்மாபேசு

இலக்கணம் வேண்டாம் என்றுதான் சொன்னேன், ஆனாலும் ஒன்று எனக்கே தெரியும். "இரு"வுக்கு இரண்டு வினை: நிரந்தரம் என்றால் சேர், தற்காலிகம் என்றால் எஸ்தார். சுலபம்.

#11 இலக்கணப்பித்தன்

அந்தச் சுலபம்தான் ஆளைக் கவிழ்க்கும். மத்ரித் ஸ்பெயினில் இருக்கிறது என்பது நிரந்தரம்தானே? ஆனால் எஸ்தார்தான்: "மத்ரீத் எஸ்தா என் எஸ்பாஞ". இறந்துவிட்டார் என்பதைவிட நிரந்தரம் எது? அதுவும் எஸ்தார், "எஸ்தா முவேர்த்தொ".

தமிழ்ச் சாவி ஒன்று இருக்கிறது. தமிழில் வினையே இல்லாமல் நிற்கும் வாக்கியம் பெரும்பாலும் சேர். நான் இன்ஜினியர், "சோய் இன்ஹெனியேர". நான் கோவைக்காரி, "சோய் தெ கோயம்புத்தூர்". இரண்டிலும் தமிழில் "இரு" இல்லை. எங்கே "இருக்கிறேன்" கேட்கிறதோ அங்கே எஸ்தார். வீட்டில் இருக்கிறேன், "எஸ்தோய் என் காச". களைப்பாக இருக்கிறேன், "எஸ்தோய் கன்சாத". சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதில் கடைசியில் "இரு" நிற்கிறது, பாருங்கள். "எஸ்தோய் கொமியேந்தொ". அங்கும் எஸ்தார்.

சாவி இரண்டு பூட்டுக்குச் சேராது. அவன் உயரமாக இருக்கிறான் என்கிறோம், அவர்களுக்கு அது ஆளின் இயல்பு, "எஸ் ஆல்த்தொ", சேர். இன்னொன்று தொழிற்சாலையில் தினமும் வரும்: மீட்டிங் எந்த அறையில்? பொருள் இருக்கும் இடம் எஸ்தார், நிகழ்ச்சி நடக்கும் இடம் சேர். "ல ரெயுனியோன் எஸ் என் ல சால த்ரேஸ்", மீட்டிங் மூன்றாம் அறையில். மீட்டிங் என்பது நடக்கிறது, இருப்பதில்லை. சில மீட்டிங்கில் நடப்பதும் இல்லை, அது வேறு கதை.

#12 பார்சிலோனா பாண்டி

வருங்காலத்தை யாரும் சொல்லவில்லையே. அதற்கு வால் படிக்கவே வேண்டாம். சாப்பிடப் போகிறேன் என்கிறோம் இல்லையா, அதே கணக்கு. போ என்ற வினையோடு முழு வினையைச் சேர்த்தால் முடிந்தது. "போய் அ கொமேர்". ஆமாம், போகிறேன் என்பதற்கு அவர்கள் சொல்வதே "போய்"தான். ஆங்கில வி எழுத்தைப் போட்டு எழுதுவார்கள், வாயில் வருவது பாய்மரத்தின் ப இல்லை, பஸ்ஸின் ப. போய், பாஸ், பா, பாமொஸ், பான். இந்த ஐந்தும் கையில் இருந்தால் ஒரு வருடம் வருங்காலத்தை ஓட்டலாம். நான் ஓட்டினேன்.

குயில், முதல் மாதம் இதை மட்டும் பிடியுங்கள்: சேர், எஸ்தார், தெனேர் (வைத்திரு), இர் (போ), அசேர் (செய்), பொதேர் (முடியும்), கெரேர் (வேண்டும்), சபேர் (தெரியும்), பெனீர் (வா), தார் (கொடு). எல்லாமே கோணல் வினைகள்தான். ஆனால் நாள் முழுக்கக் காதில் விழுவது இவைதான், ஒழுங்கான வினைகளைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். தேங்கொ, ஆகொ, போங்கொ, பேங்கொ, சால்கொ. "நான்" வடிவத்தில் மட்டும் ஒரு கொ வந்து ஒட்டிக்கொள்கிறது, கவனியுங்கள். ஐந்தையும் சேர்த்துப் பாட்டாகப் பாடினால் மறக்காது. என் மகள் இதற்குத் தாளமே வைத்திருக்கிறாள்.

#13 இலக்கணப்பித்தன்

பாண்டி சொன்ன வரிசையை ஒத்துக்கொள்கிறேன், அரை மனதாக. விகுதி தெரிந்துவிட்டு அந்தப் பத்தைப் பிடித்தால் கோணல் எங்கே என்பது கண்ணுக்குத் தெரியும். விகுதி தெரியாமல் பிடித்தால் பத்தும் பத்துக் கதையாக இருக்கும்.

போவதற்கு முன் இறந்தகாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை, குயில் அங்கே வந்து நிற்கும் நாளுக்காக. இரண்டு இறந்தகாலம் உண்டு. நேற்று பள்ளிக்கூடம் போனேன் என்றால் "ஃபுவீ". சின்ன வயதில் தினமும் போவேன் என்றால் "ஈப". ஆங்கிலப் புத்தகங்கள் இதற்கு நான்கு பக்கம் எழுதும். நமக்கு வித்தியாசம் வாயிலேயே இருக்கிறது. போனேன் என்பது நடந்து முடிந்த ஒன்று. அப்போதெல்லாம் போவேன் என்பது வழக்கம். போய்க்கொண்டிருந்தேன் என்பதற்கும் ஈபதான். சிக்கல் என்னவென்றால் "போவேன்" பார்ப்பதற்கு எதிர்காலம். பழக்கத்தைச் சொல்ல நாம் எதிர்கால வினையைக் கடன் வாங்குகிறோம், சின்ன வயதுப் பழக்கத்துக்கும் சேர்த்து. அதை அப்படியே எதிர்காலத்தில் பெயர்த்துவிட்டால், நீங்கள் இனிமேல்தான் சின்னப் பிள்ளை ஆகப் போகிறீர்கள் என்று கேட்பவர் நினைப்பார்.

ஈப வகை இறந்தகாலத்தில் கோணல் வினைகள் மொத்தமே மூன்று: சேர், இர், பேர் (பார்). மற்றதெல்லாம் சாதுக்கள். அந்தோனியோ தெ நெப்ரிஹா 1492-ல் காஸ்தீய மொழிக்கு, அதாவது ஸ்பானிஷுக்கு, இலக்கணம் அச்சிட்டார். கொலம்பஸ் கப்பல் ஏறிய அதே வருடம். வினை அட்டவணைக்கு அவ்வளவு வயது, அதைத் திட்டுகிறவர்களுக்கும் ஏறக்குறைய அவ்வளவு வயது இருக்கும்.

#14 சும்மாபேசு

என்னைத்தான் சொல்கிறார். சரி, என் பங்குக்கு ஒன்று. தினமும் பத்து நிமிடம் மெக்சிகோ வானொலிச் செய்தி ஏதாவது போடுங்கள். அர்த்தம் புரிய வேண்டாம். "மொஸ்" எத்தனை முறை வருகிறது என்று மட்டும் விரலில் எண்ணுங்கள். மறுநாள் "ஸ்தெ". நான் பாட்டில் இப்படித்தான் பிடித்தேன், பெயர்தான் எனக்குத் தெரியாது.

#15 இலக்கணப்பித்தன்

இது நல்ல யோசனை. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

#16 கோவைக்குயில்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். மொஸ் எண்ணினேன், கொ பாட்டுப் பாடினேன், பல் தேய்க்கும்போது எல்லாம் அப்படியே இருக்கிறது. யாரையும் கேட்காமல் நானே எழுதியது இது. கருணை காட்டாமல் திருத்துங்கள்.

"மெ யாமொ குயில். சோய் தெ கோயம்புத்தூர். சோய் இன்ஹெனியேர. ஆப்லொ தமிழ் இ இங்லேஸ். எஸ்தோய் அப்ரெந்தியேந்தொ எஸ்பஞோல். தெ நீஞ ஈப அ ல எஸ்குவேல என் பிசிக்லேத்த. போய் அ பிபீர் என் கெரேத்தரொ. மெ கூஸ்த எல் கஃபே. மெ கூஸ்த லொஸ் காத்தொஸ்."

(என் பெயர் குயில். கோவை. இன்ஜினியர். தமிழும் ஆங்கிலமும் பேசுகிறேன். ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருக்கிறேன். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போவேன். கெரேத்தரொவில் வாழப் போகிறேன். காபி பிடிக்கும். பூனைகள் பிடிக்கும்.)

#17 இலக்கணப்பித்தன்

ஒரு யொ கூட இல்லை! ஆப்லொவில் நெடில் சரியான இடத்தில். ஈப போட்டதற்குத் தனியாக ஐந்து மதிப்பெண்.

#18 டொராண்டோ தர்ஷி

அக்கா, அருமை. ஆனால் கடைசி வாக்கியம். உங்களிடம் எத்தனை பூனை?

#19 கோவைக்குயில்

ஒன்றுதான். போன வாரம் நான்கு குட்டி போட்டது.

#20 டொராண்டோ தர்ஷி

அப்படியென்றால் கூஸ்தன்.